மாப்பிள்ளைக்குக் காட்டிய காடு

வீரராகவனிடம் போய், "காட்டை எப்போ போய்ப் பார்க்கணும்?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைக்கு உங்கள் வேலை கெட்டது. மனுஷன் கையைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார். ஒரு காலத்தில் அப்படி. இப்போது கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

முனைக்குப்பத்தில் பிறந்து, ஏரியில் வலை போடாமல் வயிறு வளர்த்த ஒரே ஆள் அவர்தான். பதினெட்டு வருஷம் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர். ஊரில் வாச்சர் என்பார்கள். அதுவும் நிரந்தரமில்லை, தற்காலிகம்தான். விடிந்ததும் படகை எடுத்துக்கொண்டு, கழியை ஊன்றி ஊன்றி ஏரியைக் கடந்து, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற பாலமேட்டுக் காட்டுக்குப் போவார். மணல் மேடு, பாலை மரம், நாவல் மரம், காரைப் புதர், கரையோரம் தாழை. அதற்குள்ளே முப்பது நாற்பது புள்ளிமான். அந்த மான்களைக் காப்பதுதான் அவர் பிழைப்பு. அதிலும் வேட்டை சீசனில்தான் வேலை அதிகம்.

நம் நாட்டில் மான் வேட்டையே கூடாதே, அதற்கு என்ன சீசன் என்று கேட்பீர்கள். சட்டத்தில் இல்லைதான். திருடுகிறவன் வைத்திருக்கிறான் ஐயா சீசன்! சித்திரை வந்தால் காட்டில் குட்டையெல்லாம் வற்றிப்போகும். மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு ஊற்றுக்கு மான் கூட்டமாக வந்துதான் ஆக வேண்டும். அங்கே போய்க் கம்பிக் கண்ணி வைத்துக் காத்திருந்தால் போதும். அந்தச் சித்திரைக்கு முன்னால் காட்டை ஒரு சுற்றுப் பார்த்து வைக்க வேண்டும், எந்த ஊற்றில் தண்ணீர் நிற்கும், எந்தத் தடத்தில் மான் இறங்கும் என்று. திருடனும் பார்ப்பான், காவல்காரனும் பார்ப்பான். யார் முந்துகிறார்கள் என்பதுதான் விஷயம்.

"தையில போனா ஒண்ணும் தெரியாது," என்பார் வீரராகவன். "மழைத் தண்ணி காடு பூரா நிக்கும். மான் கண்ட எடத்துல குடிக்கும். பங்குனிக்குத் தள்ளுனியோ, அவன் ஆளு வந்து பாத்துட்டுப் பூட்டிருப்பான். மாசி பொறந்து பத்து நாள் கழிச்சுப் போ. பனி ஈரத்துல மணலு குளம்படிய அச்சு மாதிரி வெச்சிருக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள பாத்துட்டு வந்துடு. ஒரு தபா போ. மறுதபா போவாத. நீ போற தடமே இன்னொருத்தனுக்கு வழி காட்டும்."

பதினெட்டு வருஷமும் அப்படித்தான் போனார். மற்ற நாளெல்லாம் காட்டு ஓரத்தில்தான் காவல்; உள்ளே ஊற்றுப் பக்கம் மாசியில் ஒரே ஒரு நாள், தனி ஆளாக. மணலில் குனிந்து, எது பெட்டை, எது கொம்பன், எது குட்டி என்று பார்த்து, எந்த ஊற்று தாங்கும் என்று மனசில் குறித்துக்கொண்டு வந்து, வனக் காவலர் பெனிட்டாவிடம் மட்டும் சொல்வார். பெனிட்டா வயசில் சின்னப் பெண், ஆனால் உத்தியோகத்தில் பெரியவள். இவர் அவளை மேடம் என்பார், அவள் இவரை அண்ணா என்பாள். சித்திரை முழுக்க இரண்டு பேரும் அந்த ஊற்றைச் சுற்றியே கிடப்பார்கள். கண்ணியைக் கண்டால் அறுத்துக் கொண்டுவருவார்கள். ஒரு வருஷம் ஒரே வாரத்தில் பதினேழு கண்ணி. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் எண்ணிக் காட்டிக் குழந்தை மாதிரி சிரித்தார்.

பெண்டாட்டி ஜமுனாவுக்கு இதிலெல்லாம் பெருமை கிடையாது. "மானு உனக்குச் சோறு போடுமா?" என்று கேட்பாள். ஆனால் மகள் ஹேமாவதிக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் யாராவது "உங்கப்பாக்கு இன்னா வேலை?" என்று கேட்டால், "எங்க நைனா மான் வளக்குறாரு" என்று சொல்லிவிட்டு வருவாளாம். ஒரே மகள். அவள்மேல் அந்த மனுஷனுக்கு இருந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. இருபத்திரண்டு வயசு வரைக்கும் அவள் தட்டில் இருக்கிற மீனுக்கு முள் எடுத்துக் கொடுத்தவர் அவர்.

போன தையில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சுபாஷ், அனுப்பம்பட்டுக்காரன். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் கிரேன் ஓட்டுகிறான். வாட்டசாட்டமான பையன், கலகலவென்று பேசுவான், குடி கிடையாது. பெருமை மட்டும் கொஞ்சம் உண்டு. யாராவது "உன்னால முடியாது" என்றால் அந்த நிமிஷமே செய்து காட்ட வேண்டும் அவனுக்கு. அது ஒரு குற்றமா என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

முனைக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடலாம் என்று முறை இருக்கிறது. அந்த இடத்துக்கும் முறைக்கும் பாடு என்று பெயர். கல்யாணமாகி முதல் தடவை மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால், இலை போடுவதற்கு முன்னால் மாமனார் அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் பாட்டைக் காட்ட வேண்டும். "இதான் மாப்ளே நம்ம பாடு" என்று சொல்லி, திரும்பி வரும்போது கழியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட வேண்டும். என்னுடையதெல்லாம் இனி உன்னுடையதும்தான் என்று அர்த்தம். அதைச் செய்யாத மாமனாரை ஊர் சும்மா விடாது.

வீரராகவனுக்குத்தான் பாடு இல்லையே! வாச்சர் வேலைக்குப் போன வருஷமே தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துவிட்டார். மாசியில் மாப்பிள்ளை விருந்துக்கு வரப்போகிறான் என்று தெரிந்ததும் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் ஆரம்பித்தாள்.

"இன்னா ராகவா, மாப்ளைக்கு இன்னாத்தக் காட்டப் போற? மான் புழுக்கையா?"

குழாயடியே சிரித்தது. ஜமுனாகூடச் சிரித்துவிட்டாள். வீரராகவனும் சிரித்த மாதிரிதான் இருந்தார். ஆனால் அது அவருக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில், விருந்துக்கு வந்த சுபாஷிடம் போய், "கெளம்புங்க மாப்ளே, நம்ம எடத்தப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

அட பாவி மனுஷா! பதினெட்டு வருஷம் பெண்டாட்டியைக்கூடக் கூட்டிப்போகாத இடம் அது.

சுபாஷுக்குக் கழி ஊன்றத் தெரியாது. போகும்போது மாமனார்தான் ஊன்றினார். காட்டில் இறங்கியதும் செருப்பைக் கழற்றச் சொன்னார். தாழம்புதருக்கு நடுவே ஆள் குனிந்து நுழைகிற ஒரு சந்து இருக்கிறது, அதன் வழியாக முன்னால் தவழ்ந்து போனார். ஈர மணலில் குளம்படியைக் காட்டினார். "இது சென மானு மாப்ளே, பாருங்க, பின்னங்கால் அகட்டி வெச்சிருக்குது. வயிறு கனம்." சுபாஷ் குனிந்து பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். கால் மணி நேரம் காரைப் புதருக்குப் பின்னால் இருவரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது மான் ஊற்றுக்கு வந்தது. முதலில் ஒரு கிழப் பெட்டை, அப்புறம் குட்டிகள், கடைசியில் கொம்பன். தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. சுபாஷ் மாமனாரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, இந்த மாதிரி நான் எங்கியும் பாத்ததில்ல மாமா. நீங்க பெரிய ஆளு மாமா."

அந்த ஒரு வார்த்தைதான். வீரராகவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவரைப் பெரிய ஆள் என்று யார் சொன்னார்கள்? திரும்பி வரும்போது வாய் ஓயவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். இப்போது ஒன்பது, மற்றதெல்லாம் வேறு குட்டைகளில் சிதறிக் கிடக்கிறது என்றார். மற்ற ஊற்று வற்றிவிடும், இது ஒன்று மட்டும் வற்றாது என்றார். மூன்று தடம் இறங்குகிறது, நாவல் மரத்துத் தடத்தில்தான் பெரிய கூட்டம் வரும் என்றார்.

"எல்லாம் ஒண்ணா எப்ப சேரும் மாமா?"

"சித்திர ரெண்டாவது வாரம். அப்ப வந்து பாக்கணும் நீங்க, அடேயப்பா!"

படகு பாதி ஏரி வந்ததும் கழியை அவன் கையில் கொடுத்தார். "இதான் மாப்ளே நம்ம பாடு" என்றார். குப்பத்துக் கரையில் நின்றவர்கள் எல்லோரும், மாப்பிள்ளை தப்பும் தவறுமாகக் கழி ஊன்றிக்கொண்டு வருவதையும் படகு சுற்றிச் சுற்றி வருவதையும் பார்த்துச் சிரித்தார்கள். செல்வம்மாளும் சிரித்தாள். அன்றைக்கு மதியம் வீரராகவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சித்திரை பிறந்தது. ஹேமாவதி முழுகாமல் இருக்கிறாள், மூன்று மாதம் என்று செய்தி வந்தது. கூடவே அழைப்பும் வந்தது. அனுப்பம்பட்டில் அம்மன் ஜாத்திரை, மாமாவும் அத்தையும் சனி ஞாயிறு இரண்டு நாள் வந்து தங்க வேண்டும் என்று சுபாஷே போன் செய்தான். சித்திரை இரண்டாவது வாரம். அந்த வாரத்தில் வீரராகவன் லீவு எடுத்ததே கிடையாது. பெனிட்டாவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"போய்ட்டு வாங்கண்ணா, பொண்ணு மாசமா இருக்கா இல்ல," என்றாள் அவள். அவளுக்கும் அந்த இரண்டு நாள் பொன்னேரியில் பறவைக் கணக்கெடுப்புக் கூட்டம் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவே இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். சனிக்கிழமை விடிவதற்குள் சுபாஷ், ஷிப்டு இருக்கிறது என்று கிளம்பிப் போனான். மதியத்துக்கு மேல் களைத்து வந்தான். முழங்கையில் முள் கீறியிருந்தது. "கிரேன்ல கம்பி கிழிச்சுடுச்சு மாமா" என்றான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி. கூட வேலை செய்கிற ஆள் வீட்டில் ஆடு அடித்தார்களாம். ஹேமாவதியே மசாலா அரைத்துக் குழம்பு வைத்தாள். அந்த நாற்றம் ஆகாமல் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வைத்தாள். வைத்து, தட்டில் போட்டு, "துன்னு நைனா, எப்டிக்கீதுன்னு சொல்லு" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"கொழுப்பே இல்லியே" என்றார்.

"வெள்ளாடு மாமா. மேய்ச்சல் ஆடு," என்றான் சுபாஷ்.

மகள் வைத்த குழம்பு. மூன்றாவது தடவையும் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் காட்டுக்குப் போனார். கரையில் இறங்கும்போதே மணலில் வேறு படகு ஏறிய வடு. தாழம்புதர்ச் சந்துக்குள் நுழைந்தால், நாலு ஆள் நுழைந்து போன தடம். செருப்பில்லாத கால்கள். அவர் நின்றுவிட்டார். காட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையச் சொன்னவர் யார்? அந்தச் சந்தை யாருக்குக் காட்டினார்? அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கால் இழுத்துக்கொண்டு போனது.

மூன்று தடத்திலும் கண்ணி. நாவல் மரத்துத் தடத்தில் மட்டும் நாலு. மணல் உழுது போட்டாற்போல் கிடந்தது, மாட்டிக்கொண்டு உதைத்த இடம். ரத்தம் காய்ந்து கறுத்து, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மூன்று மானை அடித்து, அங்கேயே உரித்திருந்தார்கள். தலையும் குடலும் புதருக்கு அடியில் கிடந்தன. குடலோடு சேர்த்து ஒரு குட்டியையும் வீசியிருந்தார்கள். பிறக்காத குட்டி. உடம்பில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது, புள்ளிகூடத் தெரிந்தது. கண் திறக்கவில்லை.

வீரராகவன் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார். முந்தின நாள் தின்றது இத்தனை நேரம் வயிற்றில் இருக்காது. இருந்தாலும் குடலே வெளியே வந்துவிடும்போல எடுத்தார். தன் மகள் மூக்கைக் கட்டிக்கொண்டு அரைத்த மசாலா, அவள் வயிற்றிலும் ஒன்று, இங்கே மண்ணில் கிடப்பதும் ஒன்று. எந்த அப்பனுக்கும் வரக் கூடாதது அவருக்கு வந்தது. கையாலேயே மணலைத் தோண்டிக் குட்டியைப் புதைத்தார். அப்புறம் போனை எடுத்துப் பெனிட்டாவுக்குச் சொன்னார். மூணு மான் போச்சு மேடம் என்று மட்டும் சொன்னார். யார் என்று சொல்லவில்லை.

வந்து ஜமுனாவிடம் சொன்னார். அவள் வாசல் கதவைச் சாத்தினாள்.

"நீ வாயத் தொறக்காத. ஜாமீன்ல வராத கேசு அது, நீதானே சொல்லுவே. பொண்ணு மாசமா கீறா. உன் காலு புடிச்சுக்கிறேன்யா, ஒரே பொண்ணு."

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அவருக்கும் அதுதான் எண்ணம். எந்தத் தகப்பனுக்குத்தான் அந்த எண்ணம் வராது? பாவத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு செத்துப்போய்விடலாம் என்றுதான் இருந்தார்.

விட்டார்களா? புதன்கிழமை மாரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாரி ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிற இருளர். பாலமேட்டு ஓரத்துச் சேற்றில் கையை விட்டு நண்டு பிடித்து விற்பவர். காட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவர் குடிசையைத்தான் தேடுவார்கள். தேடினார்கள், எலி பிடிக்க வைத்திருந்த கம்பி ஒரு சுருள் கிடைத்தது. போதாதா? உடனே ஆளைத் தூக்கிவிட்டார்கள். அவர் பெண்டாட்டி, அவரை மேல்சட்டைகூட எடுக்க விடவில்லை என்று அழுதுகொண்டு வீரராகவன் வீட்டுக்குத்தான் ஓடிவந்தாள்.

"அண்ணே, நீ சொன்னா கேப்பாங்க. நீ காட்ட அறிஞ்ச ஆளு. வந்து சொல்லுண்ணே."

ஜமுனா அவள் போன பிறகு சொன்னாள்: "ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு உட்ருவாங்க. அவங்களுக்கு இது புதுசா?" சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை முழுவதும் வீரராகவன் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை சட்டையைப் போட்டுக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போனார். மாரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. இவரைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை வீரராகவன் திரும்பிப் போயிருப்பாரோ என்னவோ.

"வந்துட்டியாண்ணே! நீ வருவேன்னு சொல்லிக்கினே இருந்தேன். நான் அந்தப் பக்கம் போவலண்ணே. உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் மாரி" என்றார்.

உள்ளே பெனிட்டா மேஜையில் இருந்தாள். வீரராகவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மாசியில் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது, தடம் காட்டியது, நாள் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை கறி தின்றது வரை ஒன்று விடாமல் சொன்னார். பெனிட்டாதான் பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணா, இன்னும் எதுவும் எழுதல. நீங்க போய் ஒருதடவ யோசிச்சுட்டு வாங்க. மாரிய நான் எப்டியாவது..."

"வேணாம் மேடம். வெளியில போனா நான் திரும்பி வரமாட்டேன். எழுதுங்க."

அவள் எழுதினாள். எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாரியை அன்று மாலைக்குள் அனுப்பிவிட்டார்கள். சுபாஷையும் கூட வேலை செய்கிற மூன்று பேரையும் மறுநாள் பிடித்தார்கள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. வேலையிடத்தில் பேச்சுவாக்கில் மாமனார் காட்டைப் பற்றிப் பெருமை அடித்திருக்கிறான். "மான் எங்கயா கீது இந்த ஊர்ல, சும்மா உடாத" என்று ஒருத்தன் சொல்லியிருக்கிறான். முடியாது என்றால் இவனுக்குத்தான் பொறுக்காதே. காட்டிவிட்டான். ஐம்பத்திரண்டு நாள் கம்பி எண்ணிவிட்டு ஜாமீனில் வந்தான், கிரேன் வேலை போயிருந்தது. காப்புக்காட்டுக்குள் வெளியாளைக் கூட்டிப்போன குற்றத்துக்கு வீரராகவனையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை அவர் நியாயம் என்றே ஏற்றுக்கொண்டார்.

ஹேமாவதி வந்தாள். கைது ஆன மூன்றாம் நாள், தனியாக, பஸ் பிடித்து வந்தாள். வாசற்படி ஏறவில்லை. வெயிலில் நின்றாள். ஜமுனா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள், உதறிவிட்டாள்.

"நைனா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ காட்டாம இருந்திருந்தா அவரு போயிருப்பாரா?"

வீரராகவன் இல்லை என்று தலையாட்டினார்.

"மானக் காட்டுனதும் நீ. நாளச் சொன்னதும் நீ. துன்னதும் நீ. அப்பால புடிச்சுக் குடுத்ததும் நீயேவா? என்னிய ஒரு வார்த்த கேட்டியா? நான் இன்னா பண்ணேன் நைனா உனக்கு?"

"மாரிய அடிச்சாங்கம்மா..."

"மாரி உன் பொண்ணா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தான் செய்ததும் தப்பில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்று அந்த மனுஷனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கும்தான் விளங்கவில்லை. அவள் திரும்பி நடந்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் இவர் பின்னாலேயே, பத்தடி தள்ளி நடந்தார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஊர் இரண்டு பட்டது. சிலர் நல்ல மனுஷன் என்றார்கள், சிலர் பெற்ற பெண்ணின் தாலியோடு விளையாடினவன் என்றார்கள். செல்வம்மாள் மட்டும் குழாயடியில் அவரைப் பார்த்தால் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விடுவாள், தான் விளையாட்டாகச் சொன்னது இப்படி ஆகிவிட்டதே என்று. வீரராகவன் தம்பியின் படகில் வலை இழுக்கப் போனார். ஐம்பத்து மூன்று வயசில் புதிதாகத் தொழில் பழகினார். கை வெடித்தது. படகு பாலமேட்டுப் பக்கம் போனால் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று நாள் போனது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எல்லோருக்கும் உள்ள முறை. ஜமுனா ஒன்பதாம் மாதம் பழம் பூ வாங்கிக்கொண்டு அழைக்கப் போனாள். ஹேமாவதி அம்மாவுக்குச் சோறு போட்டாள், தலைவாரிவிடச் சொல்லி உட்கார்ந்தாள், எல்லாம் செய்தாள். கிளம்பும்போது சொன்னாள்: "நீ வந்து கூட இரும்மா. அவரு வர வேணாம். அந்த வூட்டுக்கு நான் வரல."

அவர் என்றாள். நைனா என்று சொல்லவில்லை. வந்து ஜமுனா அதை அப்படியே சொல்லிவிட்டாள், பூசி மெழுகத் தெரியாதவள்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். ஜமுனா போனில் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ வாய்யா. நாலு மணிக்குப் பாக்க உடுவாங்க. தூரமா நின்னு பாத்துட்டுப் பூடு. அவ தூங்குவா, தெரியாது."

அவர் குளித்தார், சவரம் செய்துகொண்டார், இருக்கிற வேட்டியில் நல்லதாகப் பார்த்துக் கட்டிக்கொண்டார். மழையில் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் நனைந்திருந்தார். வழியில் குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கி, நனையாமல் இருக்க மடிக்குள் வைத்துக்கொண்டு போனார். வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கடைசிக் கட்டிலுக்கு முந்தின கட்டில். ஹேமாவதி தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து, குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணிக்கு வெளியே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது, கட்டைவிரல் அளவு.

அவர் உள்ளே போகவில்லை. போகக் கூடாது என்று தெரியும். ஆனால் நகரவும் முடியவில்லை. வழியை மறைத்துக்கொண்டு நின்றதால் மருந்துத் தட்டோடு வந்த சிஸ்டர் அதட்டினாள்.

"யாருங்க நீங்க? யாரப் பாக்கணும்?"

அவர் பதில் சொல்வதற்குள் சிஸ்டர் அவர் பார்வை போன பக்கம் திரும்பினாள். கட்டிலில் இருப்பவளைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"யம்மா ஹேமாவதி, உங்கப்பாவா இவரு? அப்டியே அச்சு உன் மூக்கு! பாப்பாவுக்கும் அதே மூக்குதான்."

ஜமுனா எழுந்து நின்றுவிட்டாள். ஹேமாவதி நிமிர்ந்து பார்த்தாள். ஆறு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நனைந்த சட்டை, வெடித்த கை, இளைத்துப்போன உடம்பு எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். கண் நிரம்பிவிட்டது. துணியை இழுத்துக் குழந்தையின் பாதத்தை மூடினாள்.

"இல்ல சிஸ்டர்," என்றாள். "எங்கம்மா ஊர்க்காரரு."

சிஸ்டருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "அப்டியா? சொந்தக்காரங்களத் தவிர வேற யாரும் நிக்கக் கூடாதுங்களே, பெரிய டாக்டர் திட்டுவாங்க" என்று இவர் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க சிஸ்டர்," என்றார் வீரராகவன். "ஊர்க்காரன்தான். இந்தப் பக்கமா வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு."

மடியிலிருந்த சட்டையை எடுத்துச் சிஸ்டரிடம் கொடுத்து, ஊர்க்காரர்கள் கொடுத்தது என்று சொல்லச் சொன்னார். மழையில் இறங்கி நடந்தார். குழந்தையின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.